மனசுக்குள் எத்தனாம் எண் கூண்டு? நாற்காலி யோகா, கவனத் தியானம்: கடற்கரை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியம்மா செய்தித்தாள் படிப்பதில்லை. ஆனாலும் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் எங்கள் தெருவில் முதலில் அவருக்குத்தான் தெரியும். "எத்தனாம் நம்பர்டா தம்பி?" என்று போகிற வருகிற பையன்களைக் கேட்பார். ஒன்று என்றால் "சரி, போ". மூன்று என்றால் காயப்போட்ட கருவாட்டை அள்ள ஆள் தேடுவார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த ராத்திரி அவர் சின்னப் பிள்ளை. இன்றைக்கும் வாடைக்காற்று ஜன்னலை அடித்தால் அவருடைய தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிக்கொள்ளும். ஏறியது அவருக்கே தெரியாது.

அந்தத் தோளை இறக்கத்தான் முதலில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். தரையில் சம்மணம் போட முட்டி இடம் கொடுக்காது. பாய் விரித்துப் படுத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஆசனங்களின் அசைவை உட்கார்ந்தபடியே, உடம்பு போகிற தூரம் மட்டும் செய்வதுதான் நாற்காலி யோகா. அதோடு கவனத் தியானத்தையும் சேர்த்துக்கொண்டோம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அதே சங்கதிதான். முதலில் பெரியம்மா, பிறகு கடற்பாசி எடுக்கப் போகிற இரண்டு அக்காமார், அப்புறம் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த ஒரு மாமா. மூன்று வருஷமாக எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நடப்பதை வைத்து இதை எழுதுகிறேன்.

மன உறுதி என்றால் அழாமல் இருப்பது, ஆடாமல் நிற்பது என்று நம்மில் பலருக்கு நினைப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூண்டு ஏற்றியதால் எந்தப் புயலும் நின்றதில்லை. படகை இழுத்துக் கட்ட நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். மனசிலும் பத்தாம் எண் ஏறிய பிறகு எதைச் செய்தாலும் கஷ்டம். ஒன்றிலோ இரண்டிலோ இருக்கும்போதே கண்டுகொள்ளப் பழக வேண்டும். கீழே சொல்லியிருக்கிற எல்லாமே அதற்காகத்தான்.

உடம்பு முன்கூட்டியே சொல்லும்

எல்லைப் பக்கம் படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு போன் வருகிறது என்று வையுங்கள். யாருடைய படகு என்று தெரிவதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும். அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும். மூச்சு மேல்நெஞ்சிலேயே முட்டி முட்டித் திரும்பும். தாடை இறுகும், வயிறு பிசையும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு இது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஓட இடமும் இல்லாமல், எதிர்க்க ஆளும் இல்லாமல், அதே முறுக்கோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது.

இதில் நம் கைக்கு எட்டுவது மூச்சு ஒன்றுதான். இதயத்தைப் பார்த்து "மெதுவா அடி" என்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் தணியும். மூளையின் அடியிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பின் வேலை அது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இளவயதுக்காரர்களுக்கு விரலிலேயே வித்தியாசம் தெரியும். வயதானால் அவ்வளவு தெரியாது, ஆனால் நடக்கும். இழுப்பதைவிட விடுவதை நீட்டினால், தணிகிற அந்தப் பாதி நீளும். பிராணாயாமத்தின் நுட்பங்கள் எத்தனையோ இருக்கலாம், பயந்துபோன ஒருவருக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றுதான்.

யார் யோசித்துச் செய்ய வேண்டும்

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது, தலையை நெஞ்சுக்குக் கீழே தொங்கவிடக் கூடாது. கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவர்களுக்கும், புதிதாகக் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் தலையைத் தொங்கவிடுவது ஆகாது. எலும்புத் தேய்மானம் இருந்தால் முன்பக்கம் ஆழமாகக் குனிவதும் இடுப்பை வேகமாகத் திருகுவதும் வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் கால்மேல் கால் போடும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் வயிற்றை அழுத்தும் திருகலை விட்டுவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் உட்கார வேண்டாம். ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு வரலாம், யோகா கோபித்துக்கொள்ளாது. மற்றவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து.

நெஞ்சுவலி, தலைசுற்றல், கை கால் மரத்துப்போவது, கண் இருட்டுவது: இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட வேண்டியதுதான். நெஞ்சுவலி அடங்கவில்லை என்றாலோ முகம் கோணினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாற்காலி

எங்கள் ஊர்ப்பக்கம் நாற்காலி என்றால் பிளாஸ்டிக் நாற்காலி. உப்புக்காற்றும் வெயிலும் அதை உள்ளுக்குள்ளேயே நொறுக்கிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஒருநாள் பின்கால் விரிந்து படாரென்று சாயும். கவிழ்த்துப் பாருங்கள். கால் சேரும் இடத்தில் வெளுத்த கோடு ஓடியிருந்தால் அதில் துணி காயப்போடலாம், ஆள் உட்கார வேண்டாம். மணல் முற்றத்தில் போட்டால் ஒரு கால் மட்டும் புதையும். சிமெண்ட் தரையில், முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையில்லாத மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ கிடைத்தால் இன்னும் நல்லது. எழுந்திருக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கை வைத்ததே வசதி. சக்கரம் உள்ளது, மடிப்பது, சாய்வு நாற்காலி மூன்றும் கூடாது.

பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் அந்தரத்தில் தொங்கும். அப்படியே விட்டால் தொடையின் அடிப்பக்கம் அழுந்திக் கால் மரத்துப்போகும். இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்து மேலே சாக்கை மடித்துப் போட்டால் சரியாகிவிடும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி வீசும். அந்த மாதங்களில் வீட்டுக்குள் உட்காருவதுதான் சரி. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது. ஐந்தரை மணிக்கு முடியாதவர்கள் இருட்டிய பிறகு செய்யலாம்.

உட்காருவது

இதைப் படித்துவிட்டு மற்றதை எல்லாம் மறந்தாலும், இந்தப் பகுதியை மட்டும் செய்து பாருங்கள்.

முதுகு நாற்காலியில் படாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் புட்டத்தின் அடியில் கொடுத்தால் இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். அதுதான் நம் அஸ்திவாரம். கையை எடுத்துவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆடி, அந்த இரண்டு முனையிலும் எடை சமமாக இறங்கும் இடத்தில் நில்லுங்கள். முட்டிகள் இடுப்பு அகலத்துக்கு விரிந்திருக்கட்டும், பாதம் முட்டிக்கு நேர் கீழே. உச்சந்தலையில் நூல் கட்டி யாரோ லேசாக மேலே இழுப்பது போல முதுகு நிமிரட்டும். மோவாய் ஒரு விரல் அளவு உள்ளே. மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. முன்னால் தொங்கினால் அத்தனை பாரத்தையும் பிடரித் தசைதான் தூக்க வேண்டும். கையைத் தொடைமேல் போடுங்கள், உள்ளங்கை எப்படி இருந்தாலும் சரி.

இப்போது பாதத்தைக் கவனியுங்கள். தரை குளிர்ச்சியா, சூடா? குதிகாலில் எடை கூடவா, விரல்களிலா? ஒட்டியிருக்கிற மணல் நெருடுகிறதா? பதில் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும். ஒரு நிமிஷம்.

இந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கள் அக்காமார் வைத்திருக்கிற பெயர் "தரை தட்டுறது". படகு தரை தட்டினால் ஆபத்து, ஆள் தரை தட்டினால் நல்லது என்று ஒரு அக்கா சொல்ல, எல்லாரும் சிரித்த நாளிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மூச்சு

ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் நேரம் இழுங்கள், ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. அப்படியென்றால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாகப் பெரியவர்கள் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம், ஆகவே முதல் நாளே ஆறுக்கு வராது. மூன்று இழுத்து நான்கு விட்டாலும் போதும். நடுவில் அடக்குவது கிடையாது. நெஞ்சு நிறைய இழுக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறி இழுத்தால் விரல் நுனி கூசும், தலை லேசாகும், பயம்தான் கூடும். இழுப்பு சின்னதாக, விடுவது நீளமாக. பத்து மூச்சு.

பிறகு ரீங்காரம். வாயை மூடி, பல் ஒன்றோடொன்று ஒட்டாமல், விடும் மூச்சில் "ம்ம்ம்" என்று முனகுங்கள். மூக்குத் தண்டிலும் தாடையிலும் அதிர்வு தெரியும். பிராமரி என்று பெயர். சத்தம் போடுகிறவர்கள் வெளிமூச்சைத் தானாகவே நீட்டிவிடுகிறார்கள், எண்ண வேண்டிய பாடு மிச்சம். ஐந்து தடவை.

"ஓம் சொல்லணுமா?" என்ற கேள்வி எங்கள் தாழ்வாரத்தில் முதல் வாரமே வந்தது. சிலுவை போட்டுக்கொள்கிறவர்களும் பர்தா போடுகிறவர்களும் விபூதி பூசுகிறவர்களும் ஒன்றாக உட்காருகிற இடம். சொல்ல வேண்டாம் என்றேன். மூச்சுக்கும் முட்டிக்கும் மதம் கிடையாது. முட்டிவலியால் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுகிற பெரியவர்களுக்கு நிமிர்ந்து உட்காரும் சூட்சுமம் எங்களைவிட நன்றாகவே தெரிகிறது. பதஞ்சலி முனிவர் சமாதியானது ராமேசுவரம் கோயிலில்தான் என்பது இங்கத்து ஐதீகம். ஆகவே யோகா வெளியூர்ச் சரக்கு என்று சொல்லவும் எங்களுக்கு வழியில்லை.

அசைவுகள்

எல்லாமே மெதுவாக. வலி வரும் இடத்துக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிட வேண்டும். இழுபடுவது தெரிந்தால் போதும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிஷம்.

1. தோள். மூச்சை இழுத்தபடி இரண்டு தோளையும் வேண்டுமென்றே காதுவரை ஏற்றுங்கள். இரண்டு விநாடி அங்கேயே வைத்துவிட்டு, மூச்சை விட்டபடி மெல்ல இறக்குங்கள், தொப்பென்று போடாதீர்கள். ஐந்து தடவை. ஏறிய தோள் எப்படி இருக்கும் என்று உடம்புக்குக் காட்டிக்கொடுக்கிற பயிற்சி இது. பெரியம்மா இரண்டு வாரம் இதை மட்டும்தான் செய்தார். மூன்றாம் வாரம், சமைத்துக்கொண்டிருந்தவர் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, "ஏறிருச்சுடி, நானே பாத்துட்டேன்" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

2. கழுத்து. மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி, அங்கிருந்து வலது தோள்வரை அரைவட்டமாக உருட்டி, திரும்ப இறக்கி, இடது தோள்வரை. பக்கத்துக்கு மூன்று. பின்பக்கம் சாய்த்து முழுவட்டம் சுற்றவே கூடாது. கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும்.

3. கை. விரல்களை இறுக மடக்கி, பூ விரிவது போல விரித்து, பத்து தடவை. மணிக்கட்டை இருபக்கமும் சுற்றுங்கள். வலை பின்னுகிறவர்களும், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறவர்களும் இதில் கூடுதலாக ஒரு நிமிஷம் தங்கலாம். அவர்களுக்கு வலி விரலில் மட்டும் நிற்காது, முழங்கை வழியாகத் தோள்வரை ஓடும்.

4. முதுகு. கை முட்டிமேல். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் தள்ளி முதுகை உள்வளையுங்கள். விடும்போது தொப்புளை உள்ளே இழுத்து முதுகைக் கூனுங்கள். தரையில் பூனை, பசு என்று செய்வதன் நாற்காலி வடிவம். ஆறு தடவை. மிளகாய்ப் பழம் பறிக்கக் குனிந்தே இருக்கிறவர்களுக்கு இது பெரிய நிவாரணம்.

5. விலா. இடது கையால் நாற்காலி விளிம்பைப் பிடித்து, வலது கையை உயர்த்தி இடப்பக்கம் சாயுங்கள். இரண்டு புட்ட எலும்பும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. விலாவுக்குள் மூன்று மூச்சு. மறுபக்கமும் அப்படியே. கை தூக்க முடியாதவர்கள் தோளில் விரலை வைத்துக்கொண்டு முழங்கையை மட்டும் உயர்த்தலாம்.

6. திருகல். முதலில் நிமிர்ந்து, மூச்சை விடும்போது வயிற்றிலிருந்து வலப்பக்கம் திரும்புங்கள், பிறகு நெஞ்சு, கடைசியில் பார்வை. கையால் நாற்காலி முதுகைப் பிடித்து வலிந்து முறுக்காதீர்கள். மூன்று மூச்சு, பிறகு இடப்பக்கம்.

7. கால். ஒரு காலை நேராக நீட்டி, குதிகாலைத் தள்ளி, பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டி, இறக்குங்கள். காலுக்கு ஐந்து.

8. எழுந்து உட்காருதல். பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, முடிந்தால் கை ஊன்றாமல் எழுங்கள். அதைவிட மெதுவாக உட்காருங்கள். ஐந்து தடவை. தொடையில் வலு வந்தால் விழுகிற பயம் குறையும். விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே வீட்டைவிட்டு வெளியே வராத பெரியவர்கள் எத்தனை பேர்!

9. கடைசியாக ஓய்வு. எதிரே மேசையோ இன்னொரு நாற்காலியின் முதுகோ இருக்கட்டும். முன்கை இரண்டையும் அதன்மேல் மடித்து வைத்து நெற்றியை அதில் சாயுங்கள். தலை நெஞ்சுக்கு மேலேயே இருப்பதால் அழுத்தக்காரர்களும் செய்யலாம். பத்து மூச்சு. சிலருக்கு இந்த இடத்தில் அழுகை வரும். வந்தால் வரட்டும், முதுகைத் தட்டி நிறுத்தாதீர்கள்.

கவனத் தியானம்

தியானம் என்றதும் எல்லாரும் மனசைக் காலியாக்கப் பார்க்கிறார்கள். அலையில்லாத கடல் வேண்டும் என்று கேட்பது போல அது. கவனம் ஓரிடத்தில் நிற்பது, நழுவுவது, நழுவியதைக் கண்டு திரும்பக் கொண்டுவருவது: மூன்றும் சேர்ந்ததுதான் பயிற்சி. நூறு தடவை நழுவினால் நூறு தடவை திரும்பும் பழக்கம் வருகிறது.

முதல் வாரம் காதில் தொடங்குங்கள். மூச்சைக் கவனிப்பதைவிட சத்தத்தைக் கவனிப்பது சுலபம், இங்கே சத்தத்துக்கும் பஞ்சமில்லை. தரை தட்டி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, ஐந்து நிமிஷம் கேளுங்கள். காகம், பாங்கு, பனையோலை உரசல், பக்கத்து வீட்டு டிவி. வந்த சத்தத்துக்குக் கதை கட்டாமல், சத்தமாக மட்டும். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் நம்மவர்கள் சொல்வார்கள்; பாம்பன் தீவில் உட்கார்ந்து கேட்டால் ஏன் என்று காதுக்கே விளங்கும். பழைய பாலத்தில் ரயில் நின்றுபோன பிறகு எங்கள் ராத்திரிகள் ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தன. என்ன குறைகிறது என்றே தெரியவில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தில் ரயில் மறுபடி ஓடிய அன்றைக்குத்தான், இத்தனை நாள் காது எதைத் தேடியது என்று புரிந்தது.

இரண்டாம் வாரம் உடம்பு. பாதத்தில் தொடங்கி கெண்டைக்கால், தொடை, வயிறு, நெஞ்சு, கை, தோள், தாடை, நெற்றி என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூச்சு நேரம் நின்று ஏறுங்கள். இறுக்கம் தெரிந்தால் தளர்த்தியே ஆக வேண்டும் என்றில்லை. "இங்கே இறுக்கம் இருக்கு" என்று கண்டுகொண்டால் போதும். பாதி இறுக்கம் அதிலேயே தளரும்.

மூன்றாம் வாரத்திலிருந்து மூச்சு. எண்ணாமல், நீட்டாமல், மூக்கு நுனியில் காற்று போய்வருவதை மட்டும் பார்ப்பது.

ஒரு எச்சரிக்கை, என்னுடைய தப்பிலிருந்து. கடலுக்குப் போன வீட்டுக்காரர் திரும்பி வராத ஒரு அக்காவை, தொடக்க காலத்தில், கண்ணை நன்றாக மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டே நிமிஷத்தில் நடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கண்ணை மூடினால் அவருக்குத் தெரிவது அந்தக் கடல்தான். மூச்சைக் கவனித்தால் மூச்சுத் திணறல்தான் நினைவுக்கு வருகிறது. பெரிய அதிர்ச்சியைக் கடந்துவந்தவர்களுக்கு இது அடிக்கடி நடப்பது, எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது அவர் கண்ணைத் திறந்தபடி, கையில் ஒரு சங்கை வைத்துக்கொண்டு, அதன் சொரசொரப்பையும் குளிர்ச்சியையும் விரலால் தடவியபடி உட்காருகிறார். மூன்று நிமிஷம். அதற்குமேல் நான் கேட்பதில்லை.

எண் போடுவது

கூண்டுக் கணக்கு 1 முதல் 11 வரை. 1, 2 தூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூருக்கானது. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இந்தக் கணக்கை அப்படியே மனசுக்கு எடுத்துக்கொண்டோம். காலை, மத்தியானம், படுக்கும் முன் என்று மூன்று வேளை கேட்டுக்கொள்வது: உடம்பில் எங்கே? என்ன பெயர்? எத்தனாம் எண்?

பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். "டென்ஷன்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூடி போடுகிறோம். பதைப்பா, ஏக்கமா, ஆத்திரமா, வெட்கமா, குற்ற உணர்ச்சியா, வெறும் அலுப்பா? கடன்காரர் வந்துபோன பிறகு வருவது ஆத்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்த மாமா, ஒருநாள் அதற்கு அவமானம் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து அந்த ஆத்திரம் அத்தையின் மேல் பாய்வது குறைந்தது.

1, 2 என்றால் தாடை லேசாக இறுகியிருக்கும், பெருமூச்சு வரும். வேலையை நிறுத்தாமலே நீளமாக மூன்று மூச்சு விடுங்கள், தோளை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

3, 4 வந்தால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவோம், கையிலிருப்பது தவறும். நாற்காலிக்குப் போகிற நேரம் இதுதான். தரை தட்டி, பத்து மூச்சு, ரீங்காரம், பெயர் வைத்தல். ஐந்து நிமிஷம் போதும்.

5-க்கு மேல் போனால் தியானம் வேண்டாம். ஏழில் இருக்கிறவரைப் பிடித்துக் கண்ணை மூடி உட்காரச் சொல்வது கொடுமை. உடம்பில் ஊறிய வேகத்தைச் செலவழிக்க வேண்டும்: எழுந்து உட்காருதல் இருபது தடவை, ஒரு குடம் தண்ணீர் தூக்குவது, வேகமாக நடப்பது, முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடிப்பது. நான்குக்கு இறங்கிய பிறகு நாற்காலி.

8, 9, 10-ல் தனியாக இருக்கக் கூடாது. பயிற்சி எதுவும் தேவையில்லை, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வதற்காகவே இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். "எனக்கு மனசு சரியில்ல" என்று சொல்லத் தயங்குகிறவர்கள்கூட "ஒன்பது ஏறிருச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

காத்திருக்கும் ராத்திரிக்கு

கடலுக்குப் போன வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. படகு வர வேண்டிய நேரம் தாண்டினால் மனசு தானாகப் படம் ஓட்டும். அந்தப் படத்தை நிறுத்தச் சண்டை போட்டால் இன்னும் வேகமாக ஓடும்.

நாற்காலியை வாசல் பக்கம் போடுங்கள், விளக்கு எரியட்டும். பாதம் தரையில். உள்ளங்கை இரண்டையும் சூடு வரத் தேய்த்து ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை வயிற்றிலும் வையுங்கள். வருகிற ஒவ்வொரு நினைப்பையும் இரண்டு பெட்டியில் போடுங்கள்: தெரிந்தது, தெரியாதது. "மணி மூணு ஆச்சு" தெரிந்தது. "காற்று பலமா இருக்கு" தெரிந்தது. "அவருக்கு ஏதோ ஆயிருச்சு" தெரியாதது. தெரியாததை விரட்ட வேண்டாம். "தெரியாதது" என்று சொல்லி வைத்துவிட்டு, பாதத்துக்குத் திரும்பி ஒரு மூச்சு விடுங்கள். அடுத்த நினைப்பு வரும். மறுபடியும் அதேதான். பயம் போய்விடாது. ஆனால் விடியும்போது உடம்பு அடித்துப்போட்டது போல இருக்காது, போன் வந்தால் எடுத்துப் பேசுகிற தெம்பு மிஞ்சியிருக்கும். முடிந்தால் இரண்டு வீட்டார் சேர்ந்து உட்காருங்கள்.

எத்தனை நாள்

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-சின் தொடங்கிய கவனத் தியானப் பயிற்சி எட்டு வாரக் கணக்கு. எங்களுக்கு அந்த எட்டு வாரத்தை அரசாங்கமே ஒதுக்கித் தந்திருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கரையில், ஆண்கள் வீட்டில், கையில் காசு இல்லை, சண்டை மட்டும் தாராளம். கூண்டு எண் தினமும் ஏறி இறங்குகிற இந்தக் காலத்தில் தொடங்கினால் பழக ஆள் நிறையச் சேரும்.

முதல் இரண்டு வாரம் உட்காருவது, மூச்சு, தோள் மட்டும், அதோடு அந்தந்த வாரத்துக்கான தியானம். பத்து நிமிஷத்தைத் தாண்டாதீர்கள். பிறகு மற்ற அசைவுகளை வாரத்துக்கு இரண்டாகச் சேர்க்கலாம். ஐந்தாம் வாரத்திலிருந்து அசைவு பதினைந்து நிமிஷம், தியானம் பத்து நிமிஷம். பாசிக்குப் போகிற நாட்களில் அக்காமார் தோளும் மூச்சும் மட்டும் செய்வார்கள், அவர்களை நான் விரட்டுவதில்லை. இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் வந்து உட்காருங்கள், ஈடு கட்டும் வேலை வேண்டாம்.

11-ம் எண்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது. குடித்தால்தான் பொழுது போகிறது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறது. இவற்றுக்கு நாற்காலி போதாது. நானும் போதாது. மன நோயும் நோய்தான், மருந்து இருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர்கள் யோகா தொடங்கியதால் அதை நிறுத்திவிடவும் கூடாது.

இந்த மாவட்டத்துக் கரையில் இருந்துகொண்டு இதை அழுத்திச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், காப்பகக் கொட்டகை ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள், 28 உயிர் போனது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோவிலுக்கோ போய் வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே மருத்துவரையும் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏறவும் தெம்பில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பெரியம்மா வீட்டில் அந்த ஐந்து இலக்கத்தைக் காலண்டர் ஓரத்தில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே, பேரன் கையால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.